கொக்கிக்கு அடியில் சந்தனம்

ஆயுத ஸ்டோருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மேஜைமேல் ஒரு பம்ப் கன். அதன் பக்கவாட்டு வாசலில், சுட்டு முடிந்த வெறும் தோட்டா ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறது. கூடவே ஒரு கேள்வி: "அங்கிள், ஸ்பிரிங் மாத்தணுமா?" முட்டி வலியோடும் மருந்துப் பெட்டியோடும் காலையைத் தொடங்குகிற ஆளுக்கு இது கொஞ்சம் அதிகம். ஓய்வு பெற்று பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டுக்கு வந்த பிறகும் துப்பாக்கி என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் திரும்பப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது கையேட்டில் இருக்கிறது. யூடியூபில் ஆளுக்கொரு வீடியோ போட்டிருக்கிறார்கள், எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாரும் துப்பாக்கியை மட்டும் காட்டுகிறார்கள். அதைப் பிடித்திருந்த ஆளைக் காட்டுவதில்லை. எனக்கு அந்த வீடியோவைப் பார்த்ததும் முனியாண்டி ஞாபகம் வந்துவிட்டது.

முனியாண்டி எங்கள் கம்பெனியில் பணவண்டிக் காவலர். கிள்ளானில் கடைவீட்டுக்குப் பின்னால் எங்கள் ஆயுத ஸ்டோர் இருந்தது. நான்தான் பொறுப்பு. காலையில் ஒவ்வொருவரும் தன் பெயருக்குரிய துப்பாக்கியை என் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போவார்கள். போர்ட் கிள்ளான், ஷா ஆலம் என்று வண்டி சுற்றிவிட்டு வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். முனியாண்டியோடு வண்டியில் போகும் இன்னொரு காவலர் ஹலிம், பட்டாளத்திலிருந்து வந்த மலாய்க்காரர். இருவரும் பல வருஷமாக ஒரே வண்டி. பணப்பெட்டியை இறக்கும்போது ஒருவர் வாசலைப் பார்ப்பார், மற்றவர் ரோட்டைப் பார்ப்பார். ஒருவருடைய முதுகு மற்றவருடைய பொறுப்பு. இந்த ஒன்றை மட்டும் கடைசிவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முனியாண்டிக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருந்தது. மகளின் காலேஜ் படிப்பு முடியவும் அதே ரெண்டு வருஷம். துப்பாக்கி பிடிக்கும் காவலருக்கும் வெறும் கையோடு கேட்டில் நிற்கும் ஜாகாவுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். மரியாதையில் இருக்கிற வித்தியாசம் அதைவிடப் பெரியது. முனியாண்டி யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுவதை அவர் மனைவியிடம்கூட விடமாட்டார். அப்படிப்பட்ட ஆள்.

வழக்கமாக நடக்கும் சுடும் பரீட்சை அன்று, ரேஞ்சில் முனியாண்டியின் துப்பாக்கி ரெண்டு முறை மாட்டிக்கொண்டது. பயிற்சியாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கை. ஆளு இழுக்கிறது பத்தல."

"சார், கை நல்லாத்தான் சார் இருக்கு. கன்னுதான் சார் பிரச்சின" என்று முனியாண்டி கெஞ்சியிருக்கிறார்.

கடைசியில் விஷயம் என் தலையில் வந்து விழுந்தது. துப்பாக்கியில்தான் கோளாறு என்று ஸ்டோர் சொன்னால் அந்தப் பரீட்சை கணக்கில் வராது, முனியாண்டி வண்டியிலேயே இருப்பார். ஆளிடம்தான் கோளாறு என்றால் துப்பாக்கி வேலை அன்றோடு சரி. மேனேஜர் குமரேசன் போனில் சொன்னார்:

"அண்ணே, நல்லா பாருங்க. ஆள் பத்தாம நான் தவிக்கிறேன். புது ஆளுக்கு அனுமதி வாங்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிரும்."

"உங்களுக்கு ஏற்கெனவே நரைச்சிருச்சு பாஸ்" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நல்ல மனுஷன். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நல்ல சேதி வந்தால் தேவலை என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுக்கிறோம். அப்போது ஒரு சின்னக் கொக்கி வெறும் தோட்டாவின் விளிம்பைப் பிடித்துக் குழாயிலிருந்து இழுக்கிறது. கைப்பிடி கடைசிவரை வந்ததும், உள்ளே இருக்கும் ஒரு தகடு அந்தத் தோட்டாவைத் தட்டிப் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே எறிகிறது. கொக்கி பிடிக்காவிட்டால் தோட்டா குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். கொக்கி பிடித்தும் கை கடைசிவரை இழுக்காவிட்டால் தோட்டா வாசலில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். ரெண்டுக்கும் பெயர் ஒன்றுதான், தோட்டா வெளியே வரவில்லை. ரெண்டும் ஒரே நோய் இல்லை.

நான் முனியாண்டியின் துப்பாக்கியைப் பிரித்தேன். அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அப்பாவின் ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். தகடு சரியாக இருந்தது. ஸ்பிரிங் சரியாக இருந்தது. கொக்கியை விரலால் அழுத்தினேன், அசையவில்லை. ஊசியால் அடியில் கிளறினேன். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. துருவாக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். கன் ஆயில் வாடையோடு கோயில் வாடை.

"முனியாண்டி, இங்க வா. இது என்ன?"

எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"சந்தனம்ணே."

ஆயுத பூசைக்கு நாங்கள் எல்லாத் துப்பாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வண்டிகளுக்கு வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஹலிமுக்கும் மற்ற மலாய்ப் பையன்களுக்கும் தட்டு நிறைய கடலை. அந்தப் பூசையை நடத்துவதே முனியாண்டிதான். ஆனால் மறுநாளே நான் எல்லாவற்றையும் துடைக்க வைத்துவிடுவேன். இது பூசைச் சந்தனம் இல்லை. தட்டுத் தட்டாக, மாதக் கணக்கில் படிந்த சந்தனம்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டி ஏறறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு பொட்டு வைப்பேண்ணே. துடைச்சிட்டுத்தான் உங்ககிட்ட குடுப்பேன்."

"எங்க வைப்ப?"

விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் கறுப்புத் துப்பாக்கியில் பளபளவென்று வெள்ளையாக இருக்கும் இடம் ஒன்றுதான், தோட்டா வெளியே வரும் வாசலில் தெரியும் அந்த இரும்பு முகம். பொட்டு வைக்க நெற்றி தேடுகிற ஆளுக்கு அதைவிட்டால் வேறு இடம் தோன்றாது. கொக்கியும் சரியாக அங்கேதான் இருக்கிறது. மேலே துடைத்தது போய்விட்டது. அடியில் இறங்கியது எண்ணெயோடு சேர்ந்து களிமண்ணாகி இறுகிவிட்டது.

நான் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. காரணம் கிடைத்துவிட்டது, யாருக்கும் கெடுதல் இல்லாத காரணம். ஒரு மனுஷன் பக்தியால் செய்த தப்புக்கு யார் வேலையைப் பிடுங்கப் போகிறார்கள்?

சுத்தம் செய்து துப்பாக்கியைத் திரும்பச் சேர்த்தேன். டம்மி தோட்டாக்களைப் போட்டு இழுத்தேன். ஒவ்வொன்றும் துள்ளிக்கொண்டு வெளியே விழுந்தது. முனியாண்டியிடம் கொடுத்தேன். மேஜை ஓரத்தில் நின்று, இடுப்பு உயரத்தில் பிடித்து இழுத்தார். அதே மாதிரி துள்ளி விழுந்தது.

"நான் சொன்னேன்லண்ணே! கன்னுதான்னு சொன்னேன். யார் கேட்டா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹலிம் மூன்று பேருக்கும் தே தாரேக் வாங்கிவந்தார். நான் மேனேஜருக்குப் போன் போட எடுத்தேன். அந்த நேரத்தில் ஹலிம் கேட்ட ஒரு கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டு மலாயில்தான் கேட்டார், மெதுவாக, முனியாண்டிக்குக் கேட்காத மாதிரி:

"அபாங், இனிமே எல்லாம் சரிதானே?"

"துப்பாக்கி சரியாயிருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தம் டீயைப் பார்த்தார். நான் போனைக் கீழே வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்டால், அவர் கேட்டது துப்பாக்கியைப் பற்றி இல்லை. நான் சொன்னது உண்மை. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

ரேஞ்சில் ஹலிம் போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. காலையிலேயே எனக்குக் காட்டியிருந்தார். திரும்ப வாங்கிப் பார்த்தேன். முதல் முறை மாட்டியபோது தோட்டா குழாய்க்குள் தங்கியிருந்தது, ரேஞ்சில் குச்சி விட்டுத் தள்ளி எடுத்தார்கள். அது சந்தனம். ரெண்டாவது முறை தோட்டா வாசலில் குறுக்கே நின்றது. அந்த முறை கொக்கி எப்படியோ பிடித்திருக்கிறது. தகட்டிலும் கோளாறு இல்லை. அப்படியானால் கைப்பிடி கடைசிவரை வரவில்லை.

அப்புறம்தான் மற்றதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. காலையில் குண்டு துளைக்காத கவசத்தை மாட்டும்போது கொஞ்ச மாதமாக ஹலிம்தான் முனியாண்டிக்கு இடது பக்கம் பிடித்துவிடுகிறார். ஜன்னலில் துப்பாக்கி வாங்கும்போது முனியாண்டி வலது கையை மட்டும் நீட்டுகிறார். நான் இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசாகிறது, எல்லாருக்கும் எங்கேயோ வலிக்கிறது என்று விட்டிருந்தேன்.

"முனியாண்டி, இன்னொரு வாட்டி இழு. இந்த வாட்டி தோள்ல வச்சு."

அவர் அசையவில்லை.

"இப்பத்தானே இழுத்தேன்ணே."

"இடுப்புல வச்சு இழுத்த. ரேஞ்சுல இடுப்புல வச்சா சுடச் சொன்னாங்க?"

துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினார். இடது கை மேலே போகும்போது பல்லைக் கடிப்பது தெரிந்தது. இழுத்தார். முதல் டம்மி விழுந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது வாசலில் குறுக்கே நின்றது. அவர் துப்பாக்கியை இறக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஹலிம் வெளியே போய்விட்டார்.

"எத்தனை நாளா?"

"எனக்கு இனிப்பு நீர் இருக்குல்லண்ணே, சுகர். அதுல தோள் இறுகிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. சரியாயிரும், லேட்டாகும்னாரு." பிறகு துப்பாக்கியை இறக்கிக்கொண்டே, "அப்ப இருந்துதாண்ணே வெள்ளிக்கிழமை பொட்டு வைக்க ஆரம்பிச்சேன்" என்றார்.

கை விட்டுவிடுமோ என்று பயந்து துப்பாக்கியைக் கும்பிட்டிருக்கிறார். கும்பிட்ட இடத்தில்தான் துப்பாக்கியும் மாட்டியிருக்கிறது. யாரைத் திட்டுவது?

"அண்ணே, கன்னுல கோளாறு இருந்துச்சுல்ல. அது நெசந்தானே? அதை மட்டும் சொல்லுங்க. ரெண்டே வருஷம்ணே. மக படிப்பு முடிஞ்சிரும்."

நெசம்தான். அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் அலுப்பாக வருவது இதனால்தான். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையில் பாதியைச் சொல்லு என்றார்கள். மேனேஜருக்கு வேண்டியதும் அந்தப் பாதிதான், முனியாண்டிக்கு வேண்டியதும் அதுதான், ஏன், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சந்தனத்தைத் தாளில் மடித்துக் காட்டலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கதையாகக்கூட நன்றாக இருக்கும், வருஷா வருஷம் பூசையன்று சொல்லிச் சிரிக்கலாம்.

ஹலிம் வெளியே வண்டிப் பக்கம் நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. முனியாண்டிக்கு என்ன கஷ்டம் என்று அவருக்கு எங்கள் எல்லாரையும்விட முன்னாலேயே தெரியும். தினமும் கவசம் மாட்டிவிட்ட கை அது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல், தன் முதுகை அவனிடமே கொடுத்துவிட்டு வண்டி ஏறியிருக்கிறார். அவரால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"பாஸ், கன்னுல கோளாறு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"ஆ, நல்லது லா அண்ணே!"

"முடிக்கலை. முனியாண்டிக்குத் தோள் முடியலை. தோள்ல வச்சு இழுத்தா பாதியில நிக்குது. வண்டியில அனுப்பாதீங்க."

"ரெண்டுமா?" என்றார்.

"ரெண்டுந்தான்."

முனியாண்டி துப்பாக்கியை மேஜையில் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். டீயைக் குடிக்காமல் போய்விட்டார். ஹலிமும் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வராமலே கிளம்பினார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முனியாண்டியை மேருவில் ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு மாற்றினார்கள். லோரி வந்தால் தடுப்பைத் தூக்க வேண்டும், டிரைவரின் கார்டைப் பார்க்க வேண்டும். தடுப்பு பட்டன் அமுக்கினால் தூக்கிக்கொள்ளும், தோளுக்கு வேலை இல்லை. சம்பளம் குறைந்தது. மகள் படிப்பை விடவில்லை, சாயங்காலம் எங்கேயோ பகுதிநேர வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். சம்பளம் வாங்கவோ வேறு எதற்கோ ஆபீசுக்கு வந்தால் முனியாண்டி ஸ்டோர் ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டார். ஒரே ஒரு முறை படிக்கட்டில் நேருக்கு நேர் வந்துவிட்டார்.

"ஒண்ணும் நடக்கலையேண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதுவும் நெசம்தான். அந்த வருஷம் எங்கள் வண்டியை யாரும் மறிக்கவில்லை. ஹலிமும் புது ஆளும் போனார்கள், வந்தார்கள். வாசலைப் பார்த்தார்கள், ரோட்டைப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. யாராவது மறித்திருந்தால் நான் செய்தது சரி என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். மறிக்காததால் நான் ஒரு குடும்பத்தின் சம்பளத்தில் கை வைத்த ஆளாகவே இருந்தேன். இந்த வேலையில் சரியாக முடிவெடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததைக் காட்டி யாரிடமும் நியாயம் கேட்கவும் முடியாது. இதற்கு நீங்கள் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். நான் கடைசிவரை பழகவில்லை.

அடுத்த ஆயுத பூசை வந்தது. எனக்கு ஸ்டோரில் அதுதான் கடைசி பூசை. முனியாண்டி வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஜாகா யூனிஃபார்ம்தான், ஆனால் அதே இஸ்திரி. கையில் சந்தனக் கிண்ணம். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மேஜையில் வரிசையாக வைத்திருந்த துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைத்தார். ஒன்றில்கூட இரும்பில் வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால், கட்டையில் வைத்தார். நான் சொல்லவே இல்லை.

தீபம் காட்டி, கடலை கொடுத்து எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் நின்றார். தான் பிடித்திருந்த துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு வாட்டி இழுத்துப் பாக்கட்டுமா?"

அந்தத் துப்பாக்கிக்கான அனுமதியில் அவர் பெயர் இன்னும் இருந்தது. இருந்தாலும் கொடுத்திருக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். உள்ளே காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் பார்த்து, டம்மிகளை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். விழுந்துவிடு என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். நான் செய்தது தப்பாகவே போகட்டும், அந்தத் தோட்டா வெளியே விழுந்துவிடட்டும் என்று.

தோளில் வைத்தார். முகத்தில் வலி இல்லை. முதல் டம்மி விழுந்தது. அடுத்தது விழுந்தது. வேகமாக இழுத்தார், வண்டியிலிருந்து இறங்கி ஓடிவரும்போது இழுப்பது மாதிரி. அடுத்தது வாசலில் குறுக்கே நின்றது.

முனியாண்டி துப்பாக்கியை இறக்கினார். குறுக்கே நின்ற டம்மியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரலால் அதை நெம்பி எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு வாசலைத் திறந்து, எல்லாவற்றையும் எடுத்து, காலி என்று எனக்குக் காட்டி, பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் முறைப்படி ரெண்டு கையாலும் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"ஹலிமுக்குப் புள்ளைங்க மூணு" என்றார்.

நான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். அவர் கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டு, மேருவுக்குப் பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினார்.